மாலத்தீவில் ஆசிரியர் வேலை: போன புதிதில் எப்படிச் சமாளித்தீர்கள்?

லாமு அட்டோல் (தீவுக்கூட்டம்), கணக்கு டீச்சர்:

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலை விசா, மருத்துவப் பரிசோதனை, வங்கிக் கணக்கு என எதையெல்லாம் தலைநகர் மாலேயிலேயே முடிக்க முடியுமோ முடித்துவிட்டுத் தீவுக்குக் கிளம்புங்கள். அப்புறம் சின்ன வேலைக்குக்கூடப் படகு ஏறவேண்டி வரும். சாமி சிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள், அதை நாட்டுக்குள் கொண்டுவர அந்த ஊர்ச் சட்டம் விடாது.

வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு காலையில் வகுப்பில் நிற்பதற்கு உடம்பு பழகச் சில வாரம் ஆகும். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதெல்லாம் அந்த நாட்டு மொழியான திவேஹி. நான் முதலில் எண்களைக் கற்றுக்கொண்டேன். கணக்கு வகுப்புக்கும் உதவியது, கடைக்கும் உதவியது.

சாப்பாடுதான் பெரிய விஷயம். மாலேயிலிருந்து சரக்குப் படகு வரும் நாளில் ஊரே தள்ளுவண்டியோடு துறையில் நிற்கும். வெங்காய மூட்டை, முட்டை அட்டை, பாதி கனிந்த தக்காளி. தூத்துக்குடித் தோணியில் மாலே வந்து, அங்கிருந்து இன்னொரு படகு மாறி வந்த காய் என்றால் விலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அப்போது என் மாணவியின் அம்மா ஒரு மூடிபோட்ட தட்டை நீட்டினார். சப்பாத்தி மாதிரி சூடான ரொஷி, பக்கத்தில் மாஸ் ஹுனி: உதிர்த்த சூரைமீன், தேங்காய்த் துருவல், சின்னதாக அரிந்த வெங்காயம், மிளகாய், எலுமிச்சை பிழிந்து கையால் பிசைந்தது. மாசிக்கருவாட்டுச் சம்பல் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு வேறென்ன வேண்டும்! அன்றிலிருந்து காலை உணவுக்கு நான் இட்லி மாவைத் தேடவே இல்லை.

அட்டு அட்டோல், இயற்பியல் சார்:

நான் சுத்த சைவம், அதனால் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். பருப்பும் சாம்பார்ப் பொடியும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். தேங்காய், பூசணி, ஈரப்பலா, முருங்கைக்கீரை தீவிலேயே கிடைக்கும். கீரை கேட்டால் பக்கத்து வீட்டார் கிளையையே ஒடித்துக் கொடுப்பார்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் பணம். சம்பளம் அந்த நாட்டுப் பணமான ருஃபியாவில் வரும். ஊருக்கு அனுப்ப டாலர் வேண்டும், அது நினைத்த நேரத்தில் நினைத்த அளவு கிடைக்காது. வங்கி வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். ஒப்பந்தத்தில் போட்ட தொகையை நம்பி வீட்டுக் கடன் தவணையைக் கட்டாயமாக்கிக்கொண்ட நண்பர்கள் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். சில மாதம் அனுப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

லாமு அட்டோல், கணக்கு டீச்சர்:

சார் சொன்னது நூற்றுக்கு நூறு. கூடவே ரமலானையும் சேர்த்துக்கொள்கிறேன். பகலில் சாப்பாட்டுக் கடை திறக்காது, பள்ளி நேரமும் மாறும். கேஸ் சிலிண்டரை முன்னாலேயே மாற்றி வையுங்கள். நோன்பு திறக்க யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போய் உட்காருங்கள். என் மாணவர்களின் பெற்றோர் பலரோடு எனக்குப் பழக்கமானது அந்த மாதத்தில்தான்.