400 மீட்டருக்கு எந்த ஸ்கோப்?

கேள்வி: .223 ரைபிள்ல 300–400 மீட்டரில் தரை அணில் சுட ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கணும். 4-16×44 (4 முதல் 16 மடங்கு உருப்பெருக்கம், 44 மி.மீ. முன் லென்ஸ்) போதுமா, 6-24×50 வேணுமா? ரெட்டிகிள் (உள்ளே தெரியுற குறுக்குக்கோடு) முதல் குவியத் தளமா (உருப்பெருக்கத்தோட கோடும் பெருசாகும்), இரண்டாவதா (கோடு அதே அளவில் நிக்கும்)?

பதில் 1: 6-24 எடுங்க, ஆனா எப்பவும் 24-லயே வெச்சிருக்காதீங்க. வெயில்ல கானல் அலையில இலக்கு நடுங்கும், 14–16க்கு இறக்கணும். 24-ல 50 மி.மீ. லென்ஸ் கண்ணுக்குத் தர்ற ஒளிவட்டம் வெறும் 2 மி.மீ. தான், அந்தியில இருட்டடிக்கும்.

பதில் 2: இரண்டாவது தளம். கோடு மெலிசாவே நிக்கும், சின்ன இலக்கை மறைக்காது. ரெட்டிகிள்ல உள்ள மில் (கோண அளவு; 100 மீட்டரில் 10 செ.மீ.) குறிகள் பெரும்பாலும் உச்ச உருப்பெருக்கத்தில்தான் சரியா வரும். டரட்டை (குறியை நகர்த்துற வெளித் திருகு) திருப்பிச் சுடுறவருக்கு அது ஒரு குறையே இல்ல. டரட்டோட ஒரு 0.1 மில் கிளிக், 400 மீட்டரில் குறியை 4 செ.மீ. நகர்த்தும்.

பதில் 3: பாரலாக்ஸ் திருகு (கண் நகர்ந்தா குறி விலகுறதை அந்தத் தூரத்துக்குச் சரிசெய்யும்) கட்டாயம். தலையை லேசா அசைங்க. குறுக்குக்கோடு இலக்கு மேல நகர்ந்தா இன்னும் திருப்பணும். திருகுல பொறிச்ச தூரத்தை அப்படியே நம்பாதீங்க.