மிக வறியவர்களுக்கு நுண்கடன் ஏன் எட்டவில்லை?

கேள்வி: ஏழைகளுக்குப் பிணையின்றிச் சிறு கடன் (நுண்கடன்) தரும் வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி 2006-இல் அதன் நிறுவனர் முகமது யூனுஸுடன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. ஆனாலும் மிக வறிய குடும்பங்கள் நுண்கடனுக்கு வெளியே நின்றது ஏன் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: தவணை கட்டுவதற்கே ஓரளவு நிலையான வருமானம் வேண்டுமே, ஐயா. அதனால்தான் வங்காளதேசத்தின் தொண்டு நிறுவனமான பிராக் 2002-இல், பசு, ஆடு போன்றவற்றை இலவசமாகக் கொடுத்து, அவை பலன் தரும்வரை பசிக்காக விற்றுவிடாதிருக்கச் சிறு உதவித்தொகையும், வீடு தேடி வரும் பயிற்சியும் சுமார் இரண்டாண்டுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.

மறுமொழி 2: எத்தியோப்பியா, பெரு உள்ளிட்ட ஆறு நாடுகளில் இம்முறையைச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது, உதவி நின்று ஓராண்டு கழிந்தும் பெரும்பாலும் நுகர்வு உயர்ந்தே இருந்தது. ஹோண்டுராஸில் மட்டும் திட்டத்தில் கொடுத்த கோழிகள் பல நோயில் மடிந்தன.

கேட்டவர்: அப்படியானால் கால்நடை மருத்துவமும் திட்டச் செலவில் சேர வேண்டும்.