கார்ட் ஓடுபாதையில் சாலி: முதலில் எஞ்சினா, டயரா?

வெள்ளவத்தை_சாலி

அனைவருக்கும் வணக்கம். மாமா பாவித்த ஹொண்டா சாலி என்ற சின்னச் சில்லு மோட்டார் சைக்கிள் ஒன்று நெடுநாளாக வீட்டின் பின்புறத்தில் தூசி படிந்து நின்றது. காபரேட்டரைக் கழுவி, வயர்களை மாற்றி, அதை மறுபடியும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொழும்பின் காலி வீதியில் பறக்கும் ஆசை எனக்கு இல்லை. கழகங்கள் நடத்தும் பயிற்சி நாட்களிலும் சிறு போட்டிகளிலும், அதுவும் கார்ட் எனப்படும் குட்டிப் பந்தயக் கார்களின் ஓடுபாதை அளவிலான தார்ப்பாதையில், ஓட்டிப் பழக வேண்டும் என்பதே விருப்பம். நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் தியத்தலாவை பொக்ஸ்ஹில், சாலியபுர கஜபா போன்ற மண்பாதைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. தார்ப்பாதைக்குக் கட்டுக்குருந்தை இருக்கிறது என்றாலும், விமான ஓடுதளத்தில் அமைந்த அந்த நீண்ட பாதையில் இந்தச் சின்ன வண்டியோடு போய் நிற்பது பொருத்தமாகத் தெரியவில்லை.

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் விசாரித்தபோது, பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு 125 சிசி சீன எஞ்சின் ஒன்றைப் பொருத்தித் தரலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். கையிலுள்ள பணம் அதற்கு மட்டுமே போதும். அதைச் செய்தால் டயரும் உடையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். எது முதலில்? கூடவே, அம்மா கேட்கும் கேள்வி ஒன்றும் உண்டு: தடுப்பு இவ்வளவு அருகில் இருக்கும் பாதையில் விழுந்தால் என்ன ஆகும்?

பத்தங்குலச்_சில்லு

தம்பி, எஞ்சினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். கார்ட் பாதையின் இறுக்கமான வளைவு ஒன்றின் ஆரை 10 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 45 பாகை சாய்த்து அதைக் கடக்கும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீற்றர்தான். ஆரை 100 மீற்றராக இருக்கும் பெரிய பாதையொன்றில் அதே சாய்வுக்கு வேகம் மணிக்கு 113 கிலோமீற்றர் ஆகிவிடும். இரண்டிலும் நீங்கள் பிரேக்கை விடும் பக்குவம், பார்வையைத் திருப்பும் இடம், முழங்கால் போகும் திசை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் விழும்போது உடலோடு சேர்ந்து வரும் இயக்கசக்தி சின்னப் பாதையில் பத்தில் ஒரு பங்கே. உலகின் முதன்மை மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோஜிபியின் வீரர்கள் ஓய்வு நாட்களில் ஒவாலே போன்ற குட்டி வண்டிகளோடு கார்ட் பாதைக்குப் போவதும், உலக மோட்டார் சைக்கிள் பந்தயச் சம்மேளனமான எஃப்ஐஎம் 2021 முதல் சிறுவர்களுக்கான மினிஜிபி தொடரை அதே ஒவாலே வண்டிகளில் நடத்துவதும் இதனால்தான்.

45 பாகை சாய்வதற்கு டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வுக் குணகம், அதாவது பிடிமானத்தின் அளவு, 1 அளவில் இருக்க வேண்டும். கடைத்தெருவுக்குப் போய்வரச் செய்த கடினமான டயர் அதைத் தராது. உங்கள் சில்லின் அளவு 3.50-10 ஆகத்தான் இருக்கும். பழைய வெஸ்பாக்களுக்கும் இதே அளவு என்பதால் மென்மையான ரப்பரில் நல்ல டயர்கள் இந்த அளவில் கிடைக்கின்றன. பணத்தை அங்கே போடுங்கள். அடுத்தது பிரேக். சாலியில் முன்னும் பின்னும் ட்ரம் பிரேக்தான். அடுத்தடுத்து வளைவுகள் வரும் பாதையில் அது சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். புதிய ஷூ போட்டு, ட்ரம்மின் உட்புறம் வட்டம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, கேபிளையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எஞ்சினின் அடியில் பூட்டியிருக்கும் கால்மிதிக் கம்பி இரு பக்கமும் ஒரே துண்டாக வருகிறது. சாயும்போது முதலில் தரையில் உரசுவது அதுதான். மடங்கிக் கொடுக்காததால் அது பின்சில்லையே தரையிலிருந்து கிளப்பிவிடும். அதை வெட்டி, உயர்த்தி, மடங்கும் மிதிகள் பொருத்தாமல் பாதைக்குள் இறங்க வேண்டாம்.

பற்சில்லு

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எஞ்சின் பற்றிய பேச்சை அவ்வளவு சுலபமாக மூடிவிட முடியாது. போட்டியில் ஹொண்டா குரொம் என்ற 125 சிசி குட்டி மோட்டார் சைக்கிள்களோடு உங்களையும் ஒரே வகுப்பில் விட்டால், நேர்ப்பாதை முழுவதும் நீங்கள் மற்றவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே இருப்பீர்கள். ஆகவே பெயர் கொடுப்பதற்கு முன்னரே, சிறிய சிசி வண்டிகளுக்குத் தனி வகுப்பு உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள். உண்டென்றால் பழைய எஞ்சினே போதும். இல்லையென்றாலும் பயிற்சி நாளுக்கு அது போதும்.

எஞ்சினுக்குக் கை வைப்பதற்கு முன், செயின் ஓடும் பற்சில்லை மாற்றிப் பாருங்கள். மிகக் குறைந்த செலவில் அதிக மாற்றம் தெரிவது அதில்தான். பழைய நான்கு கியர் குரொம்மை உதாரணமாக எடுத்தால் அதில் முன்னே 15 பல், பின்னே 34 பல். முன்னே ஒரு பல்லைக் குறைப்பது, பின்னே ஏறத்தாழ இரண்டரைப் பல் கூட்டுவதற்குச் சமம். கார்ட் பாதையில் உச்ச வேகத்துக்கு இடமே இல்லாததால், வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சின் இரைச்சலோடு இழுக்கும்படி கியரைக் குட்டையாக வைத்துக்கொள்வதே நல்லது.

உங்கள் வண்டி கிளச் பிடி இல்லாத வகை என்றால், கியரைக் குறைக்கும் விதத்தையும் பழக வேண்டும். கியர் மிதியை அழுத்தியவுடன் காலை எடுத்துவிட்டால் பின்சில்லு ஒரு கணம் பூட்டிக்கொண்டு துள்ளும். சாய்ந்த நிலையில் அது நடந்தால் விழுவது நிச்சயம். மிதியை அழுத்திப் பிடித்தபடியே த்ரொட்டிலைச் சிறிது முறுக்கி எஞ்சினின் சுழற்சியை உயர்த்தி, அதன் பின் காலை மெதுவாக விடுங்கள். மிதி அழுந்தியிருக்கும்வரை கிளச் விலகியே இருக்கும் என்பதால் இதைச் செய்ய முடிகிறது.

வெள்ளவத்தை_சாலி

இருவருக்கும் மிக்க நன்றி அண்ணா. கால்மிதிக் கம்பியை நான் யோசித்தே பார்க்கவில்லை. டயரும் பிரேக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். பாதைக்குள் விடுமுன் நடக்கும் பரிசோதனையில் வண்டியைத் திருப்பி அனுப்பாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும்? அம்மாவின் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

மஞ்சள்_கொடி

கழகப் போட்டிகளில் பாதையோரம் கொடி பிடித்து நிற்பவன் என்ற முறையில் உங்கள் தாயாரின் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனெனில் அது நியாயமான கேள்வி. கார்ட் பாதையின் டயர்த் தடுப்புகள் நான்கு சில்லு வாகனத்தை நிறுத்துவதற்காக அடுக்கப்பட்டவை. மோட்டார் சைக்கிளில் வருபவர் வண்டியிலிருந்து பிரிந்து, தரையில் சறுக்கியபடி தனியாகவே அங்கே போய்ச் சேருகிறார். ஆகவே பாதையின் நீளத்தைவிட, வேகம் கூடிய வளைவுகளுக்கு வெளியே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதே முக்கியம். பண்டாரகம கார்ட் பாதையானாலும் வேறு எந்தப் பாதையானாலும், முதலில் ஒருமுறை நடந்தே சுற்றிப் பாருங்கள். கார்ட்களும் இருசக்கர வண்டிகளும் ஒரே நேரத்தில் ஓடும் நாளாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மழை தூறினால் கார்ட்கள் வழக்கமாக ஓடும் தடத்தில் படிந்திருக்கும் ரப்பர் வழுக்கத் தொடங்கும். அந்தத் தடத்தை விட்டு விலகி ஓட்ட வேண்டும்.

உடையில் சிக்கனம் வேண்டாம். தோல் உடை, முதுகுக் கவசம், கணுக்காலை மூடும் சப்பாத்து, மணிக்கட்டுக்கு மேல் ஏறும் கையுறை, முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசம் ஆகியவை கட்டாயம். ஜீன்ஸ் துணி தாரில் நொடியில் கிழிந்துபோகும். கொழும்புப் பக்கத்து வெயிலில் தோல் உடைக்குள் உடல் வெந்துபோகும் என்பது உண்மையே. அதற்காக ஓட்டத்துக்கு ஓட்டம் இடையில் உடையைத் தளர்த்திவிட்டு, தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள்.

பரிசோதனையில் நாங்கள் முதலில் குனிந்து பார்ப்பது எஞ்சின் ஒயிலை வடிக்கும் போல்ட்டைத்தான். அதன் தலையில் துளையிட்டு, துருப்பிடிக்காத கம்பியால், போல்ட்டை இறுக்கும் திசையில் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். எஞ்சினின் மூச்சுக் குழாய், ஒயில் பாதையில் சிந்தாதபடி, ஒரு போத்தலுக்குள் போக வேண்டும். கண்ணாடிகளையும் ஸ்டாண்டையும் கழற்றி, விளக்குகளுக்கு டேப் ஒட்டியிருக்க வேண்டும். பிரேக் பிடியின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். நுனி உடைந்த பிடியோடு வந்தால் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்புவோம். த்ரொட்டிலைக் கைவிட்டதும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும், ஹாண்டிலை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும்.

கொடிகளில் இரண்டையாவது மனதில் பதித்துக்கொண்டு வாருங்கள். மஞ்சள் அசைந்தால் முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் முன்னால் ஒயிலோ நீரோ கிடக்கிறது.

பற்சில்லு

வண்டியைக் கொண்டுபோவது பற்றி ஒரு வார்த்தை. பண்டாரகமவுக்கு அதிவேக வீதியின் கெலனிகம வாயில் பக்கம்தான், ஆனால் அதிவேக வீதியில் மோட்டார் சைக்கிளை ஓட்ட அனுமதி இல்லை. கண்ணாடியும் ஸ்டாண்டும் கழற்றிய வண்டியைச் சாதாரண வீதியில் ஓட்டிப் போவதும் சரியல்ல. நண்பர்கள் சேர்ந்து பட்டா எனப்படும் சின்ன லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்தால் இப்படியான இரண்டு வண்டிகளைக் கருவிப் பெட்டியோடு ஏற்றிவிடலாம். திரும்பி வரும்போது ஏதாவது உடைந்திருந்தாலும் கவலையில்லை.