அட்டை செட்டும் ரப்பர் மான்ஸ்டரும்: பழைய அறிவியல் புனைவுத் தொடர்களில் நீங்கள் விழுந்தது எப்படி?

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் டிவியின் காலப்பயணத் தொடரில் 1975-இல் வந்த ஒரு கதை. விண்வெளி நிலையத்தில் ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சியாக மாறுகிறான், முதலில் கை மட்டும். அந்தக் கை எதனால் செய்தது தெரியுமா? பச்சைச் சாயம் அடித்த பபிள் ராப். பார்சலில் கண்ணாடிப் பொருளைச் சுற்றி அனுப்புவார்களே, அதேதான். பார்த்ததும் யாருக்கும் தெரிந்துவிடும். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த நடிகர் தன் கையையே பார்த்து மிரள்கிறார், மறைக்கிறார், அதோடு மல்லுக்கு நிற்கிறார். அடுத்த சில நிமிடங்களில் என் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

அதிலிருந்து தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். "அந்தக் காலத்தில் வசதி அவ்வளவுதான், பெரிய மனசு பண்ணிப் பார்க்கணும்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பணம் இல்லாததால் கதையே வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது. டாக்டர் ஹூ 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. போகும் இடத்துக்கு ஏற்ப உருமாறும் கால இயந்திரத்தை வாராவாரம் புதிதாகச் செய்யக் கட்டுப்படியாகாது. அதனால் உருமாற்றும் கருவி பழுதாகி, போலீஸைக் கூப்பிடத் தெருவோரம் வைத்திருந்த தொலைபேசிப் பெட்டி வடிவத்திலேயே சிக்கிக்கொண்டது என்று எழுதிவிட்டார்கள். அந்த நீலப் பெட்டிதான் இன்றும் தொடரின் முகம். கதாநாயகனாக நடித்தவரால் தொடர முடியாமல் போன 1966-இல், அவர் உருவம் மாறி வேறு ஆளாக எழுவார் என்று வைத்தார்கள். நெருக்கடியில் பிறந்த யோசனை, தொடரையே சாகாவரம் பெற்றதாக்கிவிட்டது.

உங்களுக்கு எது முதலில் பிடித்தது? எந்தக் காட்சி? எழுதுங்கள்.

* * *

நாடகக் குழு ஒன்றில் செட், சாமான் பொறுப்பு பார்த்தவன் நான். அதனால் இந்தத் தொடர்களைப் பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு "இதை எதில் செய்திருப்பான்?" என்றுதான் கண் போகும். அந்தத் தேடலே தனி சுகம்.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் எனக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1966-இல் விண்கலம் ஒவ்வொரு வாரமும் ஒரு கிரகத்தில் இறங்குவதாகக் காட்டப் பணமில்லை. அதனால் ஆட்களைக் கரைத்து அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் வந்தது. ஆட்கள் கரையும்போது தெரியும் மினுமினுப்பு வேறொன்றுமில்லை, வெளிச்சத்தில் அலுமினியத் தூளைத் தூவிப் படம் பிடித்ததுதான். அப்புறம் விண்கலத்தின் மருத்துவர் டாக்டர் மெக்காய் நோயாளி மேல் காட்டும் மருத்துவக் கருவி. உப்பு தின்னும் ஜந்து வரும் எபிசோடுக்காகப் புதுமாதிரி உப்புக்குடுவைகள் வாங்கியிருக்கிறார்கள். பார்த்தால் உப்புக்குடுவை என்றே யாருக்கும் தோன்றாது போலிருக்கிறது. சரி, டாக்டர் கையில் கொடு என்று கொடுத்துவிட்டார்கள். எங்கள் குழுவில் ராஜா கிரீடம் பூச்சாடி ஆன கதைதான்!

ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே 1953-இல் பிபிசி நேரலையாக நடத்திய குவாட்டர்மாஸ் தொடர். ஆறு பகுதிகளில் முதல் இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன, அதனால் கடைசிக் காட்சியைப் பற்றிப் படிக்கத்தான் முடிந்தது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் ராட்சத ஜந்து தொற்றிக்கொண்டிருக்க வேண்டும். எழுதிய நைஜல் நீல் என்ன செய்தார்? தாவரத் துண்டுகளையெல்லாம் ஒட்டிய கையுறைகளை மாட்டிக்கொண்டு, அபேயின் உட்புறப் புகைப்படத்தில் ஓட்டை போட்டு, தன் கைகளையே நுழைத்து ஆட்டினார். நேரலையில்! கதை எழுதியவரின் கையே ஜந்து. சாமான் பொறுப்பில் இருந்த எவனுக்கும் இதைக் கேட்டால் கண் கலங்கும்.

* * *

கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபிக்க வேண்டாம். இவற்றில் பாதி அலுப்புதான். அதே நடைபாதையில் ஓடுவார்கள், பிடிபடுவார்கள், தப்பிப்பார்கள், திரும்ப அதே நடைபாதை. எந்தக் கிரகத்துக்குப் போனாலும் ஒரு கல்குவாரி. டாக்டர் ஹூவின் ஆறு பகுதிக் கதை ஒன்றை ஒரே இரவில் பார்த்து முடித்த நண்பர், இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவை வாரத்துக்கு ஒன்றாக, 25 நிமிடத் துண்டாகப் பார்க்க எழுதியவை. நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டதும் அதே கதைகள் வேறாகத் தெரிந்தன. அப்படிப் பார்த்தபோது எனக்குப் பிடித்தது, 1964-இல் வந்த இரண்டே பகுதிக் கதை. புது செட் கிடையாது, புது நடிகர் கிடையாது. நான்கு முக்கியப் பாத்திரங்களும் கால இயந்திரத்துக்குள் அடைபட்டு ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்படுகிறார்கள், அவ்வளவுதான். இடைவெளியை நிரப்ப எழுதிய கதை அது. ஆனால் அந்த நால்வரும் ஒருவரையொருவர் நம்பத் தொடங்குவது அங்கேதான். மான்ஸ்டர் வந்திருந்தால் அதற்கு நேரம் இருந்திருக்காது.

ஆக, மலிவாக இருப்பதாலேயே நல்லது என்று சொல்லாதீர்கள். மலிவாக எடுத்த குப்பையும் ஏராளம்.

* * *

எல்லோரும் கண்ணில் பட்டதையே சொல்கிறீர்கள். நான் காதால் உள்ளே வந்தவன். டாக்டர் ஹூவின் பழைய எபிசோடுகள் பலவற்றை பிபிசி அழித்துவிட்டது. வீடியோ டேப் விலை அதிகம், மறுபடி பயன்படுத்தலாம், பழையதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. நல்லவேளை, அந்தக் காலத்து ரசிகர்கள் சிலர் டிவி ஓடும்போது வீட்டு டேப் ரெக்கார்டரில் ஒலியைப் பிடித்து வைத்திருந்தார்கள். தொலைந்துபோன எபிசோடுகள் அத்தனைக்கும் இன்று ஒலியாவது இருக்கிறது.

1966-இல் வந்த ஒரு டாலெக் கதையை அப்படித்தான் ஹெட்போனில் கேட்டேன். ஆறு பகுதியும் படமாக இல்லை. மனிதர்களை அழிக்கவே பிறந்த டாலெக், "நான் உங்கள் வேலைக்காரன்" என்று அந்த உலோகக் குரலில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதன் கை சாக்கடை அடைப்பு எடுக்கும் ரப்பர் பம்ப் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை.

கால இயந்திரத்தின் முனகலைச் செய்தவர் பிரையன் ஹாட்ஜ்சன், பழைய பியானோவின் தந்திமேல் வீட்டுச் சாவியை இழுத்து. ரான் கிரெய்னர் எழுதிய தொடக்க இசையை டீலியா டெர்பிஷர் துண்டு துண்டாக டேப்பை வெட்டி ஒட்டிச் சேர்த்தார், சிந்தசைசர் ஒன்றும் இல்லாமல். அவர் பெயர் திரையில் வந்தது 2013-இல்தான், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

* * *

சின்னதாக ஒன்று. அக்கா பையனுக்கு ட்வைலைட் சோன் என்ற அமெரிக்கத் தொடரில் 1961-இல் வந்த ஒரு எபிசோடு போட்டுக் காட்டினேன். தனி வீட்டில் ஒரு பெண், கூரையில் வந்திறங்கும் குட்டி விண்வெளி மனிதர்கள். ஆக்னஸ் மூர்ஹெட் ஒரு சொல் கூடப் பேசாமல் நடித்திருப்பார். அந்தக் குட்டி ஆட்கள் பொம்மை என்பது அப்பட்டம். பையன் வளர்ந்ததே கிராஃபிக்ஸில், கேலி செய்வான் என்று காத்திருந்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த அம்மா ஏன் பேசவே மாட்டேங்கிறாங்க?" முடிவு வந்ததும் ரிமோட்டை வாங்கி முதலிலிருந்து ஓட்டிவிட்டான். முடிவை இங்கே சொல்லமாட்டேன்.

* * *

தொடங்கி வைத்தவன்தான் மறுபடி. கல்குவாரிக்காரருக்கு: குப்பை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நாளுக்கு ஒரு பகுதி என்பது நல்ல வழி, புதியவர்கள் அப்படியே தொடங்கலாம்.

அக்கா பையனுக்கு அடுத்து ஸ்டார் ட்ரெக்கின் ஹோர்ட்டா எபிசோடைப் போடுங்கள், 1967. சுரங்கத்தில் ஆட்களைக் கொல்லும் ஜந்து, ஸ்டன்ட் கலைஞர் யானோஷ் புரோஹாஸ்கா செய்த உடை. அதற்குள் அவரே புகுந்துகொண்டு தரையில் தவழ்வார். ஊர்ந்து போகும் பாறைக் கம்பளம் போலத்தான் தெரியும். விண்கலத்தின் அதிகாரி ஸ்போக் அதன் மனதோடு மனம் இணைத்து "வலி!" என்று அலறும் இடத்தில் அவன் யார் பக்கம் சாய்கிறான் என்று பார்த்து, இங்கே வந்து எழுதுங்கள்.