சிக்னல் முழுசா இருக்கு, இணையம் மட்டும் ஊருது – ஏன்?

லயன்வீடு, சுங்கை சிப்புட்: அண்ணே, குசினியில வைஃபை கோடு முழுசா காட்டுது, ஆனா வீடியோ நிக்குது. வைஃபை பட்டியல்ல 2.4, 5-ன்னு ரெண்டு பேரு வருது. எதுல சேரணும்?

கம்பிக்காரன்: 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 வேகமானது, சுவரில் தளரும் (5ஜி கைப்பேசிச் சேவை வேறு, தம்பி). லயன் வீடுகளில் (ஒட்டிய வரிசை வீடுகள்) ரூட்டர்கள் நெருக்கம். அதனால் ரூட்டர் அமைப்பில் 2.4-இல் சேனல் (அலைவரிசையின் உட்பிரிவு) 1, 6, 11 இவற்றில் காலியானதை வை, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இடையில் 3, 4 வைத்தால் இரண்டு பக்கமும் மோதும்.

செம்பனை: அந்தக் கோடு ரூட்டர் வரைக்கும்தான் கணக்கு. ரூட்டரில் கேபிள் செருகிப் பார். அங்கேயும் ஊர்ந்தால் வெளி லைனில் கோளாறாக இருக்கலாம்.

கம்பிக்காரன்: சரியான சோதனை. கேபிளில் வேகம் வந்தால், கேட்5இ (நெட்வொர்க் கேபிள் வகை) இழுத்துக் குசினியில் ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வை. கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி) வேண்டாம், வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் பாதியாகும்.