10ஆம் வகுப்புப் பொதுக்கட்டுரை: "அழகாக இருக்கிறது, விளக்கம் இல்லை" என்கிறார் ஆசிரியர்

மயிலம்மா:
மகள் பத்தாவது படிக்கிறாள், தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம். 'மழைநீர் சேகரிப்பு' கட்டுரையைத் தமிழாசிரியர் மேலே சொன்னதை எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். முன்னுரை, உட்தலைப்பு, குறள், முடிவுரை எல்லாமே இருக்கு. நடுவில் ஒரு பத்தி இது:

"மழைநீர் இயற்கையின் கொடை. அது பொன்னினும் மேலானது. எனவே நாம் அனைவரும் அதைப் போற்றிப் பாதுகாக்க வேண்டும். பாதுகாத்தால் நாடு வளம் பெறும். வருங்காலத் தலைமுறை நம்மை வாழ்த்தும்."

இதில் என்ன குறை? எப்படி மாற்றச் சொல்வது?

சிவப்பு_மை:
'மழைநீர்' என்பதை அடித்துவிட்டு 'மரம்' என்று போட்டுப் படியுங்கள். பத்தி அப்படியே பொருந்தும். அதுதான் குறை. இது மேடைப்பேச்சு, கேட்பவரைத் தூண்டுகிறது, எதையும் விளக்கவில்லை. விளக்கக் கட்டுரையைப் படித்து முடிப்பவருக்கு அந்தப் பொருள் எப்படி நடக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும்.

எழுதுமுன் உட்தலைப்புகளைக் கேள்விகளாக எழுதச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் ஏன் குறைகிறது? கூரையில் விழும் நீர் எந்த வழியாக நிலத்துக்குள் போகிறது? அமைப்பு இருந்தும் சில வீடுகளில் ஏன் பயன் தருவதில்லை? பிறகு அவற்றைத் தலைப்பாக மாற்றிக்கொள்ளலாம். 'மழைநீரின் சிறப்பு', 'மழைநீரின் தேவை', 'மழைநீரின் பயன்' என்று வைத்தால் மூன்றிலும் ஒரே சங்கதிதான் வரும்.

ஒவ்வொரு பத்தியிலும் முதல் வாக்கியம் விடை. அடுத்த இரண்டு மூன்று வாக்கியங்கள் அது நடக்கும் முறை அல்லது காரணம். பிறகு ஓர் எண்ணோ எடுத்துக்காட்டோ. இப்படி:

"கூரையில் விழும் மழைநீரை நிலத்தடிக்கு அனுப்ப ஒரு குழாயும் ஒரு வடிகட்டித் தொட்டியும் போதும். முதல் மழையில் கூரைத் தூசி கரைந்து வருவதால் அந்த நீரை வெளியே விட்டுவிட வேண்டும். அடுத்து வரும் நீர், தொட்டியில் மணல், சரளை, கூழாங்கல் என மேலிருந்து கீழாக அமைந்த அடுக்குகளில் வடிந்து கிணற்றுக்கோ கசிவுக்குழிக்கோ செல்லும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அங்கு விழும் நீர் 1000 லிட்டர்."

கடைசி எண்ணை எங்கும் தேட வேண்டாம், பரப்பை மழையளவால் பெருக்கினால் வந்துவிடும். இப்படிக் கணக்குப் போட்டுப் பெற முடிகிற எண்தான் மாணவருக்குப் பாதுகாப்பு. 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று கற்பனை சதவீதம் எழுதுவதை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்று_மணி:
தேர்வுக் கணக்கில் பார்த்தால் இது 8 மதிப்பெண் வினா. 25 நிமிடம் ஒதுக்கினால் முதல் 5 நிமிடம் குறிப்புச் சட்டகத்துக்கு, அதாவது உட்தலைப்புகளை வரிசையாக எழுதும் பெட்டிக்கு. மாணவர்கள் பலர் சட்டகத்தைக் கடைசியில் அலங்காரமாகப் பெட்டி போட்டு நிரப்புகிறார்கள். அதனால் அதில் ஒரு வரிசை, உள்ளே வேறு வரிசை. வினாத்தாளில் குறிப்புகள் தந்திருந்தால் அதே வரிசையில் போகட்டும், ஒன்றும் விடுபடக் கூடாது. 'தலைப்பிடுக' என்று கேட்டிருந்தால் தலைப்பை மறப்பவர்களும் உண்டு.

முன்னுரை நாலைந்து வரி போதும். அது ஒரு பக்கம் ஓடினால் நடுப்பத்திக்கு நேரம் இருக்காது.

மேற்கோள் ஒன்றிரண்டு, சரியாகத் தெரிந்தால் மட்டும். இந்தத் தலைப்பில் பலரும் 'நீரின்றி அமையாது உலகு' என்று எழுதிக் கீழே வள்ளுவர் பெயரைப் போடுவார்கள். 20ஆம் குறளில் இருப்பது 'நீரின்று அமையாது உலகெனின்'. மேற்கோள் குறி போட்டால் எழுத்து மாறக் கூடாது.

ஒற்றுப்புள்ளி:
பொருள் சரியாக இருந்தும் நடையில் சறுக்கும் இடம் ஒன்று: பன்மை எழுவாய்க்கு ஒருமைப் பயனிலை. 'குழாய்கள் அடைத்துக்கொள்கிறது' தவறு, 'அடைத்துக்கொள்கின்றன'. பேச்சில் இப்படித்தான் சொல்கிறோம் என்பதால் கண்ணில் படாது. எழுதி முடித்ததும் 'கள்' வரும் சொற்களை மட்டும் ஒரு முறை தேடிப் பார்த்தால் பாதிப் பிழை பிடிபடும்.

'எனவே', 'ஆகவே' போடும்முன் முந்தைய வரியில் காரணம் இருக்கிறதா என்று பார்க்கணும். உங்கள் மகளின் பத்தியில் 'பொன்னினும் மேலானது. எனவே…' என்று வருகிறது. பொன்னினும் மேல் என்பதே இன்னும் காட்டப்படவில்லையே!

மயிலம்மா:
நன்றிங்க. மாற்றி எழுதியிருக்கிறாள்:

"தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் பராமரிக்காத அமைப்புகள் பயன் தருவதில்லை. இலைகளும் மண்ணும் வடிகட்டியை அடைத்துவிடுகின்றன. இது மிகவும் வருந்தத்தக்கது."

முடிவுரையில் என்ன எழுதணும்? அங்கேயும் முன்னுரையைத்தான் திருப்பி எழுதுகிறாள்.

சிவப்பு_மை:
நல்ல மாற்றம். 'வருந்தத்தக்கது' வரியை எடுத்துவிட்டு, அடைத்தால் என்ன ஆகும் என்று எழுதட்டும்: நீர் உள்ளே இறங்க வழியின்றி வழிந்து தெருவுக்குப் போகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் செப்டம்பரிலேயே மேல்மணலைக் கழுவிப் போட வேண்டும் என்று சேர்த்தால் பத்தி நிறைவாகும்.

முடிவுரையில் புதுச் செய்தி வேண்டாம், முன்னுரையும் வேண்டாம். நடுப்பத்திகளில் கிடைத்த விடைகளை இணைத்தால் என்ன தெரிகிறது என்று மூன்று வரி. இந்தக் கட்டுரைக்கு அது, 'அமைப்பைக் கட்டுவது ஒருமுறை வேலை, பராமரிப்பது ஆண்டுதோறும் வேலை' என்பதாக இருக்கலாம். அவள் சொற்களிலேயே எழுதட்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.