மறு: வட்டப் பொருளாதாரமா, சுழற்சிப் பொருளாதாரமா? – ‘மீள்புழக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

பொருளை எறிந்துவிடாமல் திரும்பத் திரும்பப் பயன்பாட்டில் வைத்திருக்கும் முறையை ஆங்கிலத்தில் ‘சர்க்குலர் எகானமி’ (circular economy) என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் சிறு மரச்சாமான் கடைக்காரர்களுக்காக ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்து வருகிறேன். முதல் வரைவில் ‘வட்டப் பொருளாதாரம்’ என்றுதான் போட்டிருந்தேன். கூட்டத்துக்கு வந்த ஆசாரி ஒருவர் தாளைப் புரட்டிவிட்டு, “இது எந்த வட்டத்துக்குங்க? எங்க ஊத்தங்கரை வட்டத்துக்கும் வருமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. பத்திரத்திலும் சான்றிதழிலும் வட்டம் என்றால் தாலுகாதான். வட்டாட்சியர் அலுவலகம் போய் வருகிறவருக்கு அந்தச் சொல் வேறு எதைச் சொல்லும்?

‘சுழற்சிப் பொருளாதாரம்’ பற்றி ஐயா ஒருவர் எழுதியிருந்தார்:

> நாளிதழ்களில் ஏற்கெனவே வந்துவிட்டது. புழக்கத்தில் உள்ள சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆனால் சுழற்சி என்றதும் கடைக்காரர்களுக்கு நினைவு வருவது மறுசுழற்சி. அதாவது உடைத்து, உருக்கி, அரைத்து வேறொன்றாக ஆக்குவது. இந்தக் கருத்தில் அது கடைசி வழி. பழுது பார்ப்பது, பிரித்துப் பூட்டுவது, கைமாற்றுவது எல்லாம் அதற்கு முன்னால் வர வேண்டியவை. சொல்லே கடைசி வழியை முன்னால் நிறுத்தினால் மற்றதெல்லாம் மறைந்துபோகிறது.

ஐயாவின் அதே வரியில்தான் எனக்கு விடையும் கிடைத்தது. “புழக்கத்தில் உள்ள” என்று எழுதியிருக்கிறார் பாருங்கள்.

ஒரு மரத்தின் கதையைச் சொல்கிறேன். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் பைன் மரப் பெட்டியிலும் பேலட்டிலும் (சரக்கை ஏற்றி வைக்கும் மரத்தட்டு) வந்து இறங்குகின்றன. இயந்திரம் உள்ளே போனதும் பேலட் வெளியே வருகிறது. பழைய மரக்கடைக்காரர் அதை எடுத்து ஆணி பிடுங்கி அடுக்குகிறார். அங்கிருந்து சூளகிரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு பட்டறைக்கு வந்து அலமாரி ஆகிறது. சில வருடம் கழித்து அலமாரி ஆடத் தொடங்கினால் பலகையைக் கழற்றிக் கோழிக்கூண்டு செய்கிறார்கள். அதுவும் உளுத்துப் போனால் அடுப்புக்குப் போகிறது. இதில் வட்டம் எங்கே? புறப்பட்ட இடத்துக்கு மரம் ஒருநாளும் திரும்பவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினாலும் புழக்கத்தை விட்டுப் போகாமல் இருந்தது.

(கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேலட்டில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கும். மரத்தின் வழியே பூச்சி நாடு விட்டு நாடு பரவாமல் இருக்க, ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி குத்துவது அது. எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது; அதை வீட்டுச் சாமானுக்கு எடுக்க வேண்டாம்.)

ஆகவே என் முன்மொழிவு: மீள்புழக்கம். பொருளாதாரத்தைச் சேர்த்தால் மீள்புழக்கப் பொருளாதாரம். மீள்பார்வை, மீள்குடியேற்றம் போல மீள்புழக்கமும் வினைத்தொகைதான், ‘மீள்’ என்பதற்குப் பின் ‘ப்’ மிகாது. பொருளியலாளர்கள் டேவிட் பியர்ஸும் கெர்ரி டர்னரும் 1990இல் இந்தக் கருத்தை எழுதியபோது, எடுத்து, செய்து, எறிந்துவிடும் போக்குக்கு எதிராகத்தான் அதை வைத்தார்கள். அந்தப் போக்கை ‘நேர்கோட்டுப் பொருளாதாரம்’ என்கிறோம். இனி ‘ஒற்றைப் புழக்கப் பொருளாதாரம்’ எனலாம். எதிர்ச்சொல் இவ்வளவு எளிதாக அமைவது நல்ல அறிகுறி என்று நினைக்கிறேன்.

பணப்புழக்கத்தோடு குழம்பாதா என்று அம்மா ஒருவர் தனிமடலில் கேட்டார். குழம்பாது, உதவத்தான் செய்யும். ரூபாய் நோட்டு கைமாறிக்கொண்டே இருப்பதை எல்லாரும் அறிவார்கள். பலகையும் அப்படித்தான் என்று விளக்கினால் போதும்.

இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் பக்கம் “அவங்களோட நல்ல புழக்கம்” என்றால் கொடுக்கல் வாங்கலும் நெருக்கமும் உண்டு என்று பொருள். “அந்த வீட்டில் புழங்க மாட்டோம்” என்று சாதி பார்த்து ஒதுக்கியதும் இதே சொல்லால்தான். அந்தக் கசப்பை நான் மறைக்கவில்லை. ஆனால் தொழிலுக்கு வேண்டியது அந்த நெருக்கம். சோபா செய்பவரிடம் ஸ்பாஞ்ச் வெட்டுத்துண்டு மிஞ்சுகிறது, தலையணை தைப்பவருக்கு அது வேண்டும். அறுவை மில்லில் மரத்தூள் குவிகிறது, செங்கல் சூளைக்காரர் தேடுகிறார். தருமபுரிக்குக் கட்டில் ஏற்றிப் போகும் வண்டி வெறுமையாகத் திரும்புகிறது. அங்கே வாங்கியவர் வீட்டில் பழைய கட்டில் திண்ணையில் கிடக்கிறது. ஆட்கள் ஒருவரோடு ஒருவர் புழங்கினால்தான் பொருளும் புழக்கத்துக்குத் திரும்பும். வட்டமும் சுழற்சியும் பொருளை மட்டும் பேசுகின்றன. புழக்கம் ஆட்களையும் சேர்த்துப் பேசுகிறது.

செய்பவர், விற்பவர், வாங்குபவர் எல்லாரும் இப்படிச் சேர்ந்து புழங்குவதை (supply chain collaboration) ‘வழங்கல் சங்கிலிக் கூட்டுறவு’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன். அது வேண்டாம். கூட்டுறவு என்றதும் சங்கம், உறுப்பினர் எண், பங்குத்தொகை என்று போய்விடுவார்கள். ‘வழங்கல் தொடர் ஒத்துழைப்பு’ போதும். வாங்கியவரிடமிருந்து பொருள் திரும்பி வரும் வழிக்குக் கடைகளில் ‘ரிட்டன்’ என்கிறார்கள். கையேட்டில் ‘மீள்வரவு’ என்று எழுதி, ஓரிடத்தில் மட்டும் ரிட்டனையும் போட்டுவிடலாம்.

கழற்றி மாட்ட வசதியாகச் செய்யும் வடிவமைப்புக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. ‘பிரித்துப் பூட்டும் வடிவமைப்பு’ என்றால் எந்த ஆசாரிக்கும் விளங்கும். முளையும் துளையும் பொருத்தி ஆப்பு வைத்த கட்டிலைப் பலமுறை பிரித்துப் பூட்டலாம். மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் அதே துளையில் இரண்டு மூன்று முறை திருகாணி போட்டால் தூளாகிவிடும், தண்ணீர் பட்டால் உப்பிவிடும். மரத்துக்கு மரம், பலகைக்குப் பலகை புழக்கத்தின் ஆயுள் மாறுவதை இந்தச் சொல்லை வைத்து விளக்க முடிகிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. மரம் படிப்படியாகத் தரம் இறங்கிப் பயன்படுவதற்கு, அதாவது அலமாரி, கூண்டு, விறகு என்ற அந்த வரிசைக்கு, ‘படியிறங்கு புழக்கம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘இறங்கு’ என்பது மதிப்புக் குறைவாகத் தொனிக்கிறதோ என்று தயக்கமாக இருக்கிறது. ‘அடுக்குப் புழக்கம்’ பரவாயில்லையா? அடுத்த மாதம் பாலக்கோட்டில் இரண்டாம் கூட்டம். அதற்குள் உங்கள் கருத்தை எழுதினால் திருத்தி அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து